வாழ்க்கைத் திறன் வகுப்பு பதின்பருவக் கர்ப்பத்தைத் தடுக்க உண்மையிலேயே உதவுமா?

கேள்வி கேட்டவர்: வகுப்பாசிரியை

அனைவருக்கும் வணக்கம். 13, 14 வயது மாணவ மாணவியருக்கு வாரம் ஒரு பாடவேளை வாழ்க்கைத் திறன் கல்வி நடத்தும் பொறுப்பு இந்தக் கல்வியாண்டில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பதின்பருவக் கர்ப்பத்தைத் தடுப்பது இந்த வகுப்பின் நோக்கங்களில் ஒன்று என்று சுற்றறிக்கையின் முதல் பத்தியிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அதனுடன் வந்த கையேட்டைப் புரட்டினால் தன்னம்பிக்கை, இலக்கு நிர்ணயித்தல், நேரத்தைத் திட்டமிடுதல், கோபத்தைக் கட்டுப்படுத்துதல் என்று அத்தியாயங்கள் நீள்கின்றனவே தவிர, கர்ப்பம் என்ற சொல் கடைசிப் பக்கம்வரை ஓரிடத்திலும் தென்படவில்லை. உடல் மாற்றங்கள் பற்றிய அரைப் பக்கம் மட்டும் உண்டு; அதுவும் தூய்மையாக இருப்பது எப்படி என்பதோடு முடிந்துவிடுகிறது.

தன்னம்பிக்கை வளர்ந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி இந்தக் கையேட்டை அப்படியே நடத்தலாமா, அல்லது விஷயத்தை நேரடியாகப் பேச வேண்டுமா என்பது என் முதல் ஐயம். நேரடியாகப் பேசினால் பிள்ளைகளின் மனத்தில் இல்லாததை நாமே கிளப்பிவிடுவோம் என்று உடன் பணிபுரியும் மூத்தவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அவர்கள் எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே பார்த்துவிட்டார்கள், இனி நாம் சொல்ல என்ன இருக்கிறது என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் பதில் சொல்லத்தக்க சான்றுகள் ஏதேனும் உண்டா? வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: பாடத்திட்டப் பணியில் இருப்பவர்

உங்கள் கையேட்டின் குறை இன்று நேற்று வந்ததன்று. உலக சுகாதார நிறுவனம் 1993ஆம் ஆண்டில் பள்ளிகளுக்கான வாழ்க்கைத் திறன் கல்வி குறித்து வெளியிட்ட ஆவணத்தில் பத்துத் திறன்கள் சொல்லப்பட்டன: முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், ஆக்கச் சிந்தனை, ஆய்ந்து நோக்கும் சிந்தனை, கருத்தைத் தெளிவாக வெளிப்படுத்துதல், பிறருடன் நல்லுறவு பேணுதல், தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைக் கையாளுதல். பெரும்பாலான கையேடுகள் இந்தப் பட்டியலிலிருந்துதான் பிறக்கின்றன. திறன்களின் பெயர்களை எடுத்துக்கொள்கிறார்கள். அவை எந்தச் சூழ்நிலைக்குத் தேவையோ அந்தச் சூழ்நிலையை, சங்கடம் கருதி, விட்டுவிடுகிறார்கள். சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று குழுவாகப் பேசித் தீர்மானிக்கும் பயிற்சியை எத்தனை முறை செய்தாலும், தனிமையில் ஒருவர் நெருக்கும்போது வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அதிலிருந்து வந்துவிடாது. ஆகவே உங்கள் முதல் ஐயத்துக்கு என் பதில், கையேட்டை அப்படியே நடத்தினால் மாணவர்களுக்கு வேறு நன்மைகள் கிடைக்கலாம், சுற்றறிக்கை சொல்லும் நன்மை கிடைக்காது என்பதே.

பேசினால் கிளப்பிவிடுவோம் என்ற அச்சத்துக்குச் சான்றுகள் தெளிவாகவே பதில் தருகின்றன. பாலியல் கல்விக்கான பன்னாட்டு வழிகாட்டுதலை யுனெஸ்கோ 2009இல் வெளியிட்டு, ஐக்கிய நாடுகள் அமைப்பின் பிற முகமைகளுடன் சேர்ந்து 2018இல் திருத்தி அமைத்தது. அதற்காகப் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இத்தகைய கல்வி மாணவர்களிடையே பாலுறவை அதிகரிக்கவில்லை, முதல் உறவின் வயதை முன்னுக்கு இழுக்கவுமில்லை என்று தெரியவந்தது. புலனடக்கத்தை மட்டும் வலியுறுத்திய திட்டங்களோ முதல் உறவைத் தள்ளிப்போடச் செய்வதில்கூடப் பலனளிக்கவில்லை. மூத்தவர்களிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

கைப்பேசியில் பார்த்துவிட்டார்கள் என்பவர்களுக்குக் கென்யாவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். பொருளியலாளர் பாஸ்கலின் டூபா 2011இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். எட்டாம் வகுப்பு மாணவியருக்கு ஒரே ஒரு 40 நிமிட அமர்வில், வயதில் மிக மூத்த ஆண்களிடம் எச்.ஐ.வி. தொற்று சம வயதுப் பையன்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கிறது என்ற தகவல் எளிய எண்களில் காட்டப்பட்டது. மூத்த ஆண்களுடனான உறவை மாணவியர் தவிர்த்ததால், அந்தப் பள்ளிகளில் பதின்பருவக் கர்ப்பம் 28 விழுக்காடு குறைந்தது. திருமணம்வரை விலகியிருங்கள் என்று மட்டுமே போதித்த வழக்கமான பாடத்தால் அப்படி ஒரு மாற்றம் நிகழவில்லை. அந்தச் சிறுமியர் ஏற்கெனவே பலவற்றைக் கேள்விப்பட்டவர்கள்தாம். ஆனால் தங்கள் சொந்த முடிவுக்கு உதவும் தகவல் ஒன்று அதுவரை அவர்களுக்குக் கிட்டவில்லை. கைப்பேசி காட்டுவது நிறைய இருக்கலாம். இதை அது காட்டுவதில்லை.

தொடக்கத்துக்கு ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். மாணவர்களை இருவர் இருவராக, ஒரே பாலினத்தவராகவே, அமர்த்துங்கள். ஒருவர் கையில் வற்புறுத்தும் வாக்கியங்கள் எழுதிய சீட்டு இருக்கட்டும்: ‘என்மேல் உனக்கு நம்பிக்கை இல்லையா?’, ‘எல்லாரும் இப்படித்தான் இருக்கிறார்கள்’, ‘மறுத்தால் நம் பழக்கம் இன்றோடு முடிந்தது’. மற்றவர் மறுக்க வேண்டும். முதல் சுற்றில் வகுப்பே சிரிக்கும், சிரிக்க விடுங்கள். இரண்டாம் சுற்றில் மறுப்பவர் ‘எனக்கு விருப்பமில்லை’ என்று காரணம் சொல்லாமல் கூற வேண்டும், அதே வாக்கியத்தை இரண்டாம் முறையும் கூற வேண்டும், பிறகு எழுந்து போய்விட வேண்டும். காரணம் சொல்லத் தொடங்கியவர் தோற்றுப்போவதை அவர்களே கண்டுகொள்வார்கள். ஏனென்றால் ஒவ்வொரு காரணத்துக்கும் சீட்டில் ஒரு மறுமொழி தயாராக இருக்கும். மூன்றாம் சுற்று இதைவிட முக்கியமானது. அதில் சீட்டு வைத்திருப்பவர், மறுப்பைக் கேட்டதும் நிறுத்தி, கௌரவம் குறையாமல் பின்வாங்கும் ஒரு வாக்கியத்தைத் தானே சொல்ல வேண்டும். மறுக்கக் கற்பிக்கும் கையேடுகள் நிறைய உண்டு; மறுப்பை ஏற்கக் கற்பிப்பவை அரிது.


பதில்: மகப்பேறு மருத்துவர்

மேலே எழுதியவரின் கருத்து எனக்கும் உடன்பாடே. ஆனால் திறன் என்ற சொல்லின் நிழலில் உடலியல் அறிவு மறைந்துவிடக் கூடாது என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களிடையே ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் கருத்தரிப்புகள் நிகழ்வதாகவும், அவற்றில் பாதி திட்டமிடாதவை என்றும் 2019ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டை உலக சுகாதார நிறுவனம் தருகிறது. இருபதுகளின் தொடக்கத்தில் தாயாகும் பெண்களைவிடப் பதின்பருவத்தில் தாயாகிறவர்களுக்குக் கர்ப்பகால வலிப்பு, பேறுகாலத் தொற்று ஆகியவற்றின் அபாயம் அதிகம். குழந்தை குறைமாதத்தில் பிறப்பதும், எடை குறைந்து பிறப்பதும் அதிகம். இவற்றை வகுப்பில் அச்சமூட்டும் தொனியில் சொல்ல வேண்டியதில்லை, சொல்லாமலும் விட வேண்டியதில்லை.

என்னிடம் வரும் இளம்பெண்களிடம் நான் கேட்கும் தவறான நம்பிக்கைகள் எப்போதும் ஒரு சிலவே. முதல் முறையில் கருத்தரிக்காது என்பார்கள், தரிக்கும். மாதவிடாய் ஒழுங்காக வராததால் கருத்தரிக்க வாய்ப்பில்லை என்பார்கள். பூப்படைந்த பின் முதல் சில ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்கற்றிருப்பது இயல்பு, கருமுட்டை எப்போது வெளிவரும் என்று கணிக்க முடியாமல் போவதால் நாள் கணக்கை நம்புவது அந்த வயதில்தான் மிகவும் ஆபத்தானது. விந்தணுக்கள் பெண்ணின் உடலுக்குள் 5 நாள்வரை உயிர்ப்போடு இருக்கக்கூடும் என்பதைச் சொன்னால் வியப்படைகிறார்கள். அவசரக் கருத்தடை மாத்திரை என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியும். அதை எவ்வளவு விரைவாக உட்கொள்கிறோமோ அவ்வளவுக்குப் பலன் அதிகம், பரவலாகப் புழங்கும் வகையை 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ள வேண்டும், ஏற்கெனவே உருவான கர்ப்பத்தை அது கலைக்காது என்பவை தெரிவதில்லை. கருத்தடை முறைகளில் கர்ப்பத்தோடு பால்வினைத் தொற்றுகளையும் தடுப்பவை ஆணுறையும் பெண்ணுறையும்தான் என்பதை மாணவர்களுக்கும் மாணவியருக்கும் ஒருங்கே சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். தடுப்பதைப் பற்றி மட்டும் பேசி நிறுத்திவிடாதீர்கள். பதின்பருவத்தில் கருவுற்றவர்கள் மருத்துவமனைக்கு மிகத் தாமதமாக வருகிறார்கள். மாதவிடாய் தள்ளிப்போனதை மறைத்து, தளர்ந்த உடையை அணிந்து, பள்ளியில் யாருக்கும் தெரியாமல் நாள்களைக் கடத்திவிட்டு, மறைக்க முடியாத நிலையில்தான் தாயோடு வந்து நிற்கிறார்கள். அதற்குள் இரத்தசோகையைக் கவனித்திருக்கலாம், இரத்த அழுத்தத்தைக் கண்காணித்திருக்கலாம், அவளுக்கு முன்னால் இருந்த வழிகள் பலவும் திறந்திருந்திருக்கும். மாதவிடாய் ஒரு முறை தவறினால் அந்த வாரமே யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் உங்கள் வகுப்பு கற்பிக்க வேண்டும். உதவி கேட்பதும் ஒரு திறன்தான். அந்தப் பத்தின் பட்டியலில் அது தனியாக இல்லாதது எனக்கு எப்போதும் ஒரு குறையாகத் தோன்றுகிறது.


பதில்: ஒரு தந்தை

என் மகள் இதே வயதுக்காரி. மேலே சொல்லப்பட்ட ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. ஆயினும் வீட்டில் பேச வேண்டியதை நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில், யாரென்று நான் அறியாத ஒருவர், என்ன சொற்களில் பேசப்போகிறார் என்று தெரியாமல் ஒப்புதல் தருவது எனக்குக் கடினமாக இருக்கிறது. ஆணுறை பற்றிப் பள்ளியே சொல்லிக்கொடுத்தால், அது ஒரு வகையில் அனுமதி தருவதாக ஆகாதா? ஆசிரியரைக் குறைசொல்லும் எண்ணம் எனக்கில்லை. பெற்றோர் தரப்பின் மனநிலையையும் இங்கே பதிவு செய்ய விரும்பினேன்.


பதில்: பள்ளி ஆலோசகர்

ஐயா, உங்கள் கேள்வியில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. அனுமதியாக ஆகாதா என்பதற்கு, முன்னர் சொன்ன யுனெஸ்கோ தொகுப்பே பதில்: அறிந்துகொண்ட பிள்ளைகள் அவசரப்படுவதில்லை. யார், என்ன சொற்களில் பேசப்போகிறார் என்று தெரியவில்லை என்பதோ முற்றிலும் நியாயமான குறை. அதைத் தீர்க்கும் பொறுப்பு பள்ளியுடையது. வகுப்பு தொடங்குவதற்கு முன் பெற்றோரைக் கூட்டி, காட்டப்போகும் படங்களையும் வாசிக்கப்போகும் பத்திகளையும் அப்படியே காட்டிவிடுவது நல்லது. எதிர்ப்பில் பெரும்பகுதி அந்தக் கூட்டத்திலேயே கரைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் பெற்றோர் கற்பனை செய்து வைத்திருப்பது உண்மைப் பாடத்தைவிட எப்போதும் மோசமாகவே இருக்கிறது. வீட்டில் பேசுவதற்கென்று ஒரு கேள்வியை வாரந்தோறும் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினால், வகுப்பு உங்கள் இடத்தைப் பறித்துக்கொள்ளாது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருந்த பெற்றோருக்கு அந்தக் கேள்வியே வாயைத் திறந்துவிடும்.

ஆசிரியைக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. மறுக்கும் திறனை வகுப்பின் மையமாக வைத்தால் ஒரு விபரீதம் நேரக்கூடும். மிக இளம் வயதில் நிகழும் கர்ப்பங்கள் பலவற்றின் பின்னால் வற்புறுத்தலோ வன்கொடுமையோ இருக்கிறது. அதைச் செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்கு அறிமுகமானவர், சில வேளைகளில் வீட்டுக்குள்ளேயே இருப்பவர். அப்படிப்பட்ட ஒரு சிறுமி உங்கள் வகுப்பில் அமர்ந்துகொண்டு, ‘உறுதியாக மறுத்தால் தப்பிக்கலாம்’ என்று நீங்கள் சொல்வதைக் கேட்டால், நான் உறுதியாக மறுக்காததுதான் காரணம் என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வாள். ஆகவே பயிற்சியைத் தொடங்கும் முன்பே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள்: மறுத்தும் ஒருவர் நிறுத்தவில்லை என்றால், அல்லது அச்சத்தால் மறுக்கவே முடியவில்லை என்றால், குற்றம் முழுவதும் வற்புறுத்தியவருடையது. இதை ஒரு முறை சொன்னால் போதாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சொல்லுங்கள்.

இன்னொன்று, பல நாடுகளில் பதின்பருவப் பிரசவங்களில் கணிசமான பங்கு குழந்தைத் திருமணத்துக்குள்ளேயே நிகழ்கிறது. அங்கே அந்தப் பெண்ணின் முடிவெடுக்கும் திறனை எவ்வளவு கூர்மைப்படுத்தினாலும், முடிவெடுப்பவர் அவளல்லர். அவள் பள்ளியில் நீடிப்பதே அவளுக்கு வலுவான காப்பு. கென்யாவிலேயே நடந்த வேறோர் ஆய்வில், இலவசச் சீருடை வழங்கியதால் சிறுமியர் படிப்பை நிறுத்துவதும் கருத்தரிப்பதும் குறைந்தன. ஆகவே தொடர்ந்து விடுப்பு எடுக்கும் மாணவியை விசாரித்து வீட்டாரிடம் பேசுவதும் உங்கள் பாடவேளையின் பகுதியே என்று கருதுங்கள்; கையேட்டில் அது இருக்காது.


பதில்: பொதுச் சுகாதார மாணவர்

நல்ல நோக்கம் இருந்தாலே போதும் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. அழும், பசிக்கும், இரவில் எழுப்பும் மின்னணுக் குழந்தைப் பொம்மையை மாணவியரிடம் வார இறுதிக்குக் கொடுத்தனுப்பி, தாய்மையின் சுமையை உணர்த்தும் திட்டங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 57 பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவு 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. பொம்மை பெற்ற பள்ளி மாணவியரில் 8 விழுக்காட்டினர் 20 வயதுக்குள் குழந்தை பெற்றிருந்தார்கள்; பெறாத பள்ளிகளில் அது 4 விழுக்காடு. கருக்கலைப்பும் முதல் தரப்பில்தான் அதிகம். உங்கள் பள்ளிக்கு யாராவது அந்தப் பொம்மையை நன்கொடையாகத் தர முன்வந்தால், நன்றி கூறி மறுத்துவிடுங்கள்.

இங்கிலாந்தின் அனுபவமும் பார்க்கத்தக்கது. 1999இல் தொடங்கிய அரசின் திட்டம் பள்ளிக் கல்வியோடு, இளையோர் தயங்காமல் செல்லக்கூடிய கருத்தடைச் சேவைகளையும், ஏற்கெனவே தாயானவர்கள் படிப்பைத் தொடர உதவியையும் சேர்த்தே நடத்தியது. 18 வயதுக்குட்பட்டோரின் கருத்தரிப்பு விகிதம் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வகுப்பில் கற்றதைப் பயன்படுத்த வெளியே ஓர் இடம் இல்லையென்றால் வகுப்பால் மட்டும் அதிகம் சாதிக்க முடியாது.


கேள்வி கேட்டவர்: வகுப்பாசிரியை

அனைவருக்கும் நன்றி. தந்தையார் ஒருவர் வெளிப்படையாக எழுதியது எனக்குக் குறிப்பாக உதவியது; வகுப்பு தொடங்குமுன் பெற்றோர் கூட்டத்துக்கு அனுமதி கேட்டுத் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. மாணவரையும் மாணவியரையும் சேர்த்து அமர்த்துவதா, பிரித்து அமர்த்துவதா? கேள்விப் பெட்டி வைத்தால், அதில் வரும் சீட்டு ஒன்று கேள்வியாக இல்லாமல் முறையீடாக இருந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?


பதில்: பள்ளி ஆலோசகர்

உடலியல் பாடத்தைச் சேர்த்தே நடத்துங்கள். பிரித்து நடத்தினால், மறுபக்கத்தில் ஏதோ இரகசியம் சொல்லப்படுகிறது என்ற எண்ணமே மிஞ்சும். கர்ப்பம் பெண்களின் பாடம் என்று பையன்களும் முடிவுகட்டிவிடுவார்கள். ஐயங்களைப் பேசும் நேரத்துக்கு மட்டும் பிரித்துக்கொள்ளலாம். இயன்றால் பையன்களிடம் ஓர் ஆண் ஆசிரியர் பேசட்டும்.

கேள்விப் பெட்டியில் அனைவரும் ஒரே அளவுத் தாளில், ஒரே நேரத்தில் எழுதிப் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க எதுவும் இல்லாதவர்கள் ‘கேள்வி இல்லை’ என்ற இரு சொற்களை எழுதட்டும். இல்லையென்றால் பேனாவை எடுத்தவள் யார் என்று பக்கத்து இருக்கை பார்த்துக்கொண்டே இருக்கும். தாள்களை அங்கேயே பிரித்துப் படிக்காதீர்கள். எடுத்துச் சென்று வாசித்து, மறு வாரம் பதில் சொல்லுங்கள்.

முறையீடாக ஒரு சீட்டு வந்தால் அதை வகுப்பில் வாசிக்கவும் கூடாது, கையெழுத்தைக் கொண்டு எல்லாருக்கும் தெரியும்படி விசாரிக்கவும் கூடாது. தனியாகப் பேச விரும்புகிறவர்கள் எந்த நேரத்தில், எந்த அறையில் உங்களையோ ஆலோசகரையோ சந்திக்கலாம் என்பதை வகுப்பு முழுமைக்கும் பொதுவாக அறிவியுங்கள். யாரேனும் வந்தால், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்களித்துவிடாதீர்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் முறையிட்டே ஆக வேண்டும் என்று பல நாடுகளின் சட்டம் சொல்கிறது; கொடுத்த வாக்கை நீங்கள் மீற நேர்ந்தால் அந்தப் பிள்ளை இனி எவரையும் நம்பாது. ‘உன்னைக் காப்பதற்கு யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் மட்டும் சொல்வேன், சொல்லும் முன் உன்னிடம் தெரிவிப்பேன்’ என்று கூறுங்கள். பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, அவள் பயன்படுத்திய சொற்களிலேயே அன்றே குறித்து வையுங்கள். துருவிக் கேட்பது உங்கள் பணியன்று. அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பள்ளியில் அந்தத் தகவலை யாரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பதைப் பெட்டியை வைப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.